ஆர்.என். ஆக எந்த வழி: கம்யூனிட்டி காலேஜா, யுனிவர்சிட்டியா?

ஊரில் பி.காம்., பி.எஸ்ஸி., பி.இ. என்று ஏதோ ஒரு பட்டம் வாங்கி, கல்யாணமாகி அமெரிக்கா வந்து, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் நர்சிங் படித்து ஆர்.என். (ரிஜிஸ்டர்ட் நர்ஸ்) ஆகலாமா என்று யோசிக்கிறவர்கள் நம்மவர்களில் நிறைய. நான் நர்ஸ் என்று தெரிந்தால் போதும், பொங்கல் விழாவிலோ பிறந்தநாள் விருந்திலோ ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்பார்கள்: "கம்யூனிட்டி காலேஜ்ல ரெண்டு வருஷம் படிச்சாப் போதுமாமே, நிஜமாக்கா? இல்ல பி.எஸ்.என். இருந்தாத்தான் வேலையா?"

லைசென்ஸுக்குப் போதும். உள்ளூர் அரசுக் கல்லூரியான கம்யூனிட்டி காலேஜ் தருவது ஏ.டி.என். எனப்படும் அசோசியேட் டிகிரி. பல்கலைக்கழகம் தருவது பி.எஸ்.என். எனப்படும் இளங்கலைப் பட்டம். இரண்டு பேரும் எழுதுவது ஒரே லைசென்ஸ் தேர்வான என்கிளெக்ஸ்-ஆர்.என்.-தான். கட்டணம் 200 டாலர், நேரம் ஐந்து மணி, கேள்விகள் குறைந்தது 85, கூடினால் 150. நீங்கள் சொல்லும் பதிலுக்குத் தகுந்த மாதிரி அடுத்த கேள்வியைக் கம்ப்யூட்டர் கடினமாக்கும் அல்லது இலேசாக்கும். 2023 ஏப்ரலில் இருந்து, நோயாளியின் குறிப்புகளைக் கொடுத்து "இப்போது முதலில் என்ன செய்வாய்" என்று அடுத்தடுத்து மடக்கும் கேஸ் ஸ்டடிகளும் சேர்ந்துவிட்டன. பாஸானால் மாநில நர்சிங் போர்டு தரும் ஆர்.என். லைசென்ஸும் ஒன்றுதான்.

இந்த இரண்டு வருடப் படிப்பு ஏதோ குறுக்குவழியாக முளைத்ததும் இல்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நர்ஸ்களுக்குக் கடும் தட்டுப்பாடு. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டீச்சர்ஸ் காலேஜைச் சேர்ந்த மில்ட்ரெட் மாண்டேக் வகுத்த திட்டத்தை 1952-இல் சில ஜூனியர் காலேஜ்களில் சோதனை முறையில் தொடங்கினார்கள். பட்டம் பெற்ற நர்ஸுக்குத் துணையாக, கொஞ்சம் குறுகிய பொறுப்போடு வேலை செய்யும் ஒருவரைத்தான் அவர் மனதில் வைத்திருந்தார். ஆனால் படித்து வந்தவர்கள் அதே தேர்வை எழுதி அதே லைசென்ஸை வாங்கிவிட்டார்கள். "அப்படியானால் பட்டம் எதற்கு" என்ற இழுபறி அன்றைக்கு ஆரம்பித்தது, இன்னும் ஓயவில்லை.

சரி, லைசென்ஸ் ஒன்றுதான். அப்புறம் ஏன் ஒப்பிட வேண்டும்? "ரெண்டு வருஷம்" என்பது முழுக் கணக்கு இல்லை என்பதால்தான். காலேஜ் சொல்லும் இரண்டு வருடம் நர்சிங் சீட் கிடைத்த நாளில் இருந்து எண்ணப்படுவது. அதற்கு முன்னால் ப்ரீரெக்விசிட் என்று ஒரு பட்டியல் இருக்கிறது: அனாட்டமி அண்ட் பிசியாலஜி (சுருக்கமாக ஏ அண்ட் பி) ஒன்று, இரண்டு, மைக்ரோபயாலஜி, இங்கிலிஷ் காம்போசிஷன், ஸ்டாட்டிஸ்டிக்ஸ், சைக்காலஜி, ஹியூமன் டெவலப்மென்ட். சில காலேஜ்கள் கெமிஸ்ட்ரியும் கேட்கும். இவற்றை ஒரே செமஸ்டரில் எடுத்துத் தள்ள முடியாது. ஏ அண்ட் பி ஒன்றை முடித்தால்தான் இரண்டு. மைக்ரோவுக்கும் பெரும்பாலும் ஏதாவது ஒன்றை முன்னால் முடித்திருக்க வேண்டும். எவ்வளவு ஓடினாலும் ஒரு வருடம் போய்விடும். பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு இரண்டிரண்டு பாடமாக எடுத்தால் ஒன்றரை, இரண்டு. "நான் ஊரில் ஜுவாலஜி மேஜர், அனாட்டமி எல்லாம் படித்தாச்சே" என்பவர்களுக்கும் பல இடங்களில் விலக்கு கிடையாது. அறிவியல் பாடங்கள் ஐந்து அல்லது ஏழு வருடத்துக்குள் படித்திருக்க வேண்டும் என்று நிறைய காலேஜ்கள் விதி வைத்திருக்கின்றன.

அதன் பிறகு விண்ணப்பம். கம்யூனிட்டி காலேஜில் சேருவது எளிது, யார் வேண்டுமானாலும் சேரலாம். அந்தக் காலேஜின் நர்சிங் புரோகிராமில் சேருவது வேறு விஷயம். சில இடங்களில் பாயின்ட் கணக்கு, சில இடங்களில் வெயிட்லிஸ்ட், சில இடங்களில் குலுக்கல்கூட உண்டு. ஒரு தடவை கிடைக்காவிட்டால் அடுத்த சுற்றுக்குக் காத்திருக்க வேண்டும். பல காலேஜ்களில் அடுத்த சுற்று என்றால் அடுத்த வருடம். ஆக, இன்றைக்கு முடிவெடுத்து ஏ.டி.என். வழியில் போகிறவர் லைசென்ஸ் வாங்க மூன்றரை, நான்கு வருடம் ஆகும் என்று வைத்துக்கொள்வதே நியாயம்.

இதே கணக்கை ஆக்சிலரேட்டட் பி.எஸ்.என்.-க்கும் போடுங்கள். ஏற்கெனவே வேறு துறையில் பட்டம் வாங்கியவர்களுக்கென்றே இருக்கும் படிப்பு இது. 12 முதல் 18 மாதம்தான் என்று விளம்பரம் வரும், அதுவும் பொய்யில்லை. ஆனால் மேலே சொன்ன ப்ரீரெக்விசிட் பட்டியல் இங்கேயும் அப்படியே இருக்கிறது. அதைக் கூட்டினால் இரண்டு, இரண்டரை வருடம். உண்மையான வித்தியாசம் ஒரு வருடம், மிஞ்சினால் இரண்டு. அதைச் சின்ன விஷயம் என்று தள்ளவும் மாட்டேன். ஆர்.என்.களின் நடுமட்டச் சம்பளம் வருடத்துக்கு 93,600 டாலர் என்பது 2024 மே மாத அரசுப் புள்ளிவிவரம். ஒரு வருடம் முந்தினால் அந்தப் பணம் முன்கூட்டியே கைக்கு வருகிறது.

ஆனால் அந்த ஒரு வருடத்துக்கு என்ன விலை என்று பார்க்க வேண்டும். தனியார் பல்கலைக்கழகங்களில் ஆக்சிலரேட்டட் படிப்பு 50,000 டாலரைச் சர்வ சாதாரணமாகத் தாண்டும். கலிஃபோர்னியாவில் மாநிலவாசிகளுக்குக் கம்யூனிட்டி காலேஜ் கட்டணம் யூனிட்டுக்கு 46 டாலர். ப்ரீரெக்விசிட்டையும் சேர்த்து 90 யூனிட் என்று தாராளமாக வைத்தாலும் 4,140 டாலர்தான். புத்தகம், யூனிஃபார்ம், தடுப்பூசி, பேக்ரவுண்ட் செக் என்று இன்னும் கொஞ்சம் போகும், போகட்டும். மற்ற மாநிலங்களில் இவ்வளவு மலிவில்லை என்றாலும், அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தோடு வைத்துப் பார்த்தால் வித்தியாசம் பெரிதுதான்.

நம்மவர்கள் பலர் கணக்கில் தவறவிடும் ஒன்று இந்த இடத்தில் இருக்கிறது. கிரீன் கார்டு இருந்தால் ஃபாஃப்சா (மத்திய அரசின் படிப்பு உதவி விண்ணப்பம்) போட்டு, திருப்பித் தர வேண்டாத பெல் கிரான்ட் வாங்கிவிடலாம் என்று நினைப்பார்கள். பெல் கிரான்ட் முதல் இளங்கலைப் பட்டத்துக்குப் படிப்பவர்களுக்கானது. மதுரையில் வாங்கிய பி.காம். ஆனாலும் அது பட்டம்தான், கிரான்ட் கிடையாது. கடன் மட்டும் கேட்கலாம். எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் துணைக்கானது) இருப்பவர்களுக்கு மத்திய அரசின் கடனும் இல்லை. இப்படியிருக்க, சொந்தக் காசில் படிக்கப்போகிறவருக்கு 4,000 டாலரும் 50,000 டாலரும் ஒன்றாகத் தெரியக் கூடாது. எச்-4-இல் இருப்பவருக்கு உள்ளூர்க் கட்டணமா, வெளியூர்க் கட்டணமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். வெளியூர்க் கட்டணம் என்றால் பல மடங்கு கூடும், முதல் செமஸ்டருக்குப் பதிவு செய்வதற்கு முன்பே அட்மிஷன் ஆபீஸில் கேட்டுவிடுங்கள்.

விசா பேச்சு வந்ததால் அதையும் முடித்துவிடுகிறேன். எச்-4-இல் படிக்கத் தடையில்லை. வேலை பார்க்க ஈ.ஏ.டி. என்ற வேலை அனுமதி அட்டை வேண்டும், அதற்குக் கணவர் அல்லது மனைவியின் கிரீன் கார்டுக்கான ஐ-140 மனு அப்ரூவ் ஆகியிருக்க வேண்டும் (ஆறு வருட எல்லையைத் தாண்டி எச்-1பி நீட்டிப்பு வாங்கியவர்களுக்கும் வழி உண்டு). "படிச்சு முடிச்சா ஆஸ்பத்திரியே எச்-1பி போடாதா?" என்று கேட்பார்கள். சாதாரண வார்டு நர்ஸ் வேலைக்குப் பெரும்பாலும் போட முடியாது. அந்த விசாவுக்கு, இளங்கலைப் பட்டம் இல்லாமல் செய்ய முடியாத வேலையாக இருக்க வேண்டும். அசோசியேட் டிகிரியோடே ஆர்.என். ஆகலாம் என்பதால் அந்த வாதம் நிற்பதில்லை. நீங்கள் பி.எஸ்.என். படித்திருந்தாலும் இதே கதைதான். மாண்டேக் அம்மா 1952-இல் திறந்துவிட்ட கதவு இந்த ஒரு இடத்தில் நமக்கு மூடிக்கொள்கிறது. கிரீன் கார்டு வழியில் நர்ஸ் வேலைக்கு உள்ளூர் ஆள் போதவில்லை என்று தொழிலாளர் துறையின் முன்கூட்டிய சான்று உண்டு. ஆனால் இந்தியாவில் பிறந்தவர்களின் வரிசை எவ்வளவு நீளம் என்று உங்களுக்கே தெரியும். ஈ.ஏ.டி. கைக்கு வரும் காலமும் படிப்பு முடியும் காலமும் பொருந்துகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது வேலை. ஏ.டி.என்.-ஆ பி.எஸ்.என்.-ஆ என்ற கேள்விக்கு என்னுடைய பதில் ஊரைப் பொறுத்து மாறுவது இதனால்தான். நர்சிங் ஆய்வாளர் லிண்டா ஐக்கனும் அவர் குழுவினரும் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு ஆஸ்பத்திரியில் பட்டம் பெற்ற நர்ஸ்களின் பங்கு 10 சதவீதம் கூடினால், அறுவை சிகிச்சைக்கு வந்த நோயாளிகள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 5 சதவீதம் குறைவதாகக் கண்டார்கள். 2010-இல் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின், 2020-க்குள் நர்ஸ்களில் 80 சதவீதம் பேர் பட்டதாரிகளாக இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. 2017-இல் நியூயார்க் மாநிலம் ஒருபடி மேலே போய், புதிதாக ஆர்.என். ஆகிறவர்கள் பத்து வருடத்துக்குள் பி.எஸ்.என். வாங்கியே தீர வேண்டும் என்று சட்டம் போட்டது. நர்சிங் தரத்துக்கான மேக்னட் அங்கீகாரம் வைத்திருக்கும் பெரிய ஆஸ்பத்திரிகள் புதியவர்களை எடுக்கும்போது பி.எஸ்.என். இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கின்றன. ராணுவத்தில் நர்ஸ் அதிகாரியாகச் சேர வேண்டுமானால் பி.எஸ்.என். கட்டாயம்.

இதையெல்லாம் படித்துவிட்டு ஏ.டி.என்.-க்கு மதிப்பில்லை என்று முடிவு கட்ட வேண்டாம். உங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரக் கார் தூரத்தில் இருக்கும் ஆஸ்பத்திரிகளின் வேலைப் பக்கத்தைத் திறந்து, "நியூ கிராட்" (புதிதாகப் படித்து முடித்தவர்) என்று தேடிப் பாருங்கள். மூன்று விதமான வாசகம் கண்ணில் படும். "பி.எஸ்.என். ரிக்வயர்ட்" என்றால் கதவு மூடியிருக்கிறது. "பி.எஸ்.என். ப்ரிஃபர்ட்" என்றால் ஆள் தட்டுப்பாடு இருக்கும்போது எடுப்பார்கள், இல்லாதபோது எடுக்க மாட்டார்கள். மூன்றாவது, வேலையில் சேர்ந்து இத்தனை வருடத்துக்குள் பி.எஸ்.என். முடிக்க வேண்டும் என்பது. இதுதான் நமக்கு வேண்டியது. பாஸ்டன், நியூயார்க் மாதிரி பெரிய போதனா ஆஸ்பத்திரிகள் நெருங்கியிருக்கும் நகரங்களில் முதல் வகை அதிகம். நகரத்தைத் தாண்டிய நடுத்தர ஆஸ்பத்திரிகள், டயாலிசிஸ் சென்டர்கள், ரீஹேப், நர்சிங் ஹோம் எல்லாம் ஏ.டி.என்.-ஐ மறுப்பதில்லை.

மூன்றாவது வகை வாசகம் உங்கள் ஊரில் நிறைய இருந்தால் கணக்கு தெளிவாகிவிடும். ஏ.டி.என். முடித்து வேலையில் சேர்ந்த பிறகு ஆர்.என்.-டு-பி.எஸ்.என். படிப்பை ஆன்லைனில் சுமார் ஒரு வருடத்தில் முடிக்கலாம். மறுபடி என்கிளெக்ஸ் கிடையாது. கட்டணத்தில் ஒரு பங்கை ஆஸ்பத்திரியே தரும். முதலாளி தரும் படிப்புச் செலவில் வருடத்துக்கு 5,250 டாலர் வரை வருமான வரி இல்லை என்பதால் பல இடங்களில் அந்தத் தொகையையே வரம்பாக வைத்திருப்பார்கள். நானே இப்படித்தான் முடித்தேன். மெடிக்கல்-சர்ஜிகல் வார்டில் ராத்திரி ஷிஃப்ட் பார்த்துக்கொண்டு, லீவு நாட்களில் டிஸ்கஷன் போர்டில் பதில் எழுதிக்கொண்டு. அந்தப் படிப்பில் எனக்குப் புதிதாகக் கிடைத்தது கொஞ்சம்தான், பெரும்பாலும் ஏ.பி.ஏ. என்ற மேற்கோள் முறையில் கட்டுரை எழுதுவதுதான் என்பது என் சொந்த அபிப்பிராயம். ஆனாலும் அந்தப் பட்டம் இல்லாமல் நர்ஸ் பிராக்டிஷனர் (மருந்து எழுதித்தரும் உயர்நிலை நர்ஸ்) படிப்புக்கோ மேனேஜர் பதவிக்கோ போவது கடினம்.

காலேஜ் படிக்கும்போதே இரண்டையும் சேர்த்து முடிக்கும் ஏற்பாடும் சில மாநிலங்களில் உண்டு. ஓரிகனில் கம்யூனிட்டி காலேஜ்களும் மாநில மருத்துவப் பல்கலைக்கழகமும் ஒரே பாடத்திட்டம் வைத்திருக்கின்றன. அரிசோனாவின் மேரிகோப்பா காலேஜ்களில் ஏ.டி.என். படித்துக்கொண்டே பல்கலைக்கழகப் பாடங்களையும் எடுக்கலாம். உங்கள் பக்கத்தில் இப்படி ஒன்று இருந்தால் யோசிக்கவே வேண்டாம்.

சாதாரண நான்கு வருட பி.எஸ்.என். பற்றி நான் பேசாததற்குக் காரணம், கையில் ஒரு பட்டம் வைத்திருப்பவருக்கு அது தேவையில்லை. ஹைஸ்கூல் முடிக்கும் மகளுக்கு என்றால் அது வேறு பேச்சு. ஆர்.என்.-க்கு ஒரு படி கீழே இருக்கும் எல்.பி.என். முதலில், பிறகு ஆர்.என். என்ற வழியும் சொல்வார்கள் (கலிஃபோர்னியா, டெக்சாஸில் அதன் பெயர் எல்.வி.என்.). ஒரு வருடத்தில் வேலைக்குப் போய்விடலாம் என்பது உண்மை. வீட்டில் சம்பளம் உடனே வேண்டும் என்றால் சரி, இல்லாவிட்டால் இரண்டு லைசென்ஸ் தேர்வு, இரண்டு அட்மிஷன் என்று சுற்றுவழிதான். ஊரில் பி.எஸ்ஸி. நர்சிங்கோ ஜி.என்.எம்.-மோ முடித்தவர்கள் இந்த ஒப்பீட்டுக்குள்ளேயே வர வேண்டியதில்லை. மறுபடி முதலில் இருந்து படிக்காமல், மாநில போர்டு கேட்கும் சான்றிதழ் மதிப்பீட்டை முடித்து நேராக என்கிளெக்ஸுக்குப் போங்கள். கிளினிக்கல் (ஆஸ்பத்திரிப் பயிற்சி) மணிநேரத்தில் குறை இருப்பதாக போர்டு சொன்னால் அந்தப் பாடத்தை மட்டும் இங்கே படித்து நிரப்பிக்கொள்ளலாம்.

கம்யூனிட்டி காலேஜ் என்று முடிவெடுத்தவர்களுக்குச் சீட் வாங்குவதுதான் பாதிப் போராட்டம். ஏன் சீட் இவ்வளவு குறைவு என்றால், சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. மாஸ்டர்ஸ் படித்த நர்ஸுக்கு ஆஸ்பத்திரியில் கிடைக்கும் சம்பளம் காலேஜில் கிடைக்காது. கிளினிக்கலுக்கு எட்டுப் பத்து மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர் வேண்டும், அத்தனை பேரையும் ஏற்றுக்கொள்ள ஒரு வார்டும் வேண்டும். இது கம்யூனிட்டி காலேஜின் பிரச்சினை மட்டுமில்லை. 2023-இல் பட்டப்படிப்பும் அதற்கு மேலும் தரும் நர்சிங் பள்ளிகளே தகுதியுள்ள 65,000-க்கும் மேற்பட்ட விண்ணப்பங்களை ஏற்க முடியாமல் விட்டன. ஆகவே "பி" கிரேடு போதும் என்று இருந்துவிட முடியாது. ஏ அண்ட் பி லேப் பிராக்டிக்கல் எப்படி இருக்கும் தெரியுமா? மேசை மேசையாக எலும்பு, மாடல், மைக்ரோஸ்கோப். ஒவ்வொன்றிலும் ஒரு குண்டூசி அல்லது சின்ன ஸ்டிக்கர். ஒரு நிமிடத்தில் அது என்ன எலும்பு, அதில் எந்த முடிச்சு, இடப்பக்கமா வலப்பக்கமா என்று எழுத்துப்பிழை இல்லாமல் எழுதிவிட்டு, மணி அடித்ததும் அடுத்த மேசைக்கு நகர வேண்டும். நம் ஊர் மனப்பாடப் பயிற்சி கைகொடுக்கும் இடம் இது.

நுழைவுத் தேர்வு டீஸ் என்றால் 170 கேள்வி, 209 நிமிடம்: ரீடிங், கணக்கு, சயின்ஸ், இங்கிலிஷ். கணக்கில் நமக்குப் பயமில்லை. அவுன்ஸ், பவுண்டு, கப், குவார்ட் மட்டும் தனியாகப் படித்துக்கொள்ள வேண்டும். சில காலேஜ்கள் இதற்குப் பதில் ஹெசி தேர்வு வைக்கும். சி.என்.ஏ. (நர்சிங் உதவியாளர்) சான்றிதழ் இருந்தால் பாயின்ட் கூடும், சில இடங்களில் அது கட்டாயமும்கூட. கட்டாயமில்லாவிட்டாலும் எடுங்கள் என்பேன். படுத்த படுக்கையாக இருக்கும் ஒருவரைத் துடைத்து, உடை மாற்றி, புரட்டிப் படுக்க வைக்க உங்களால் முடியுமா என்பது சில வாரங்களில் தெரிந்துவிடும்.

கிளினிக்கலுக்கு முன் தடுப்பூசி ஆவணம் கேட்பார்கள். ஊரில் போட்ட ஊசிக்கு அட்டை இல்லை என்று கலங்க வேண்டாம், ரத்தத்தில் டைட்டர் (நோய் எதிர்ப்பு அளவு) பார்த்தால் போதும். டி.பி. பரிசோதனையில் மட்டும் கவனம். நம் தோளில் பி.சி.ஜி. தழும்பு இருப்பவர்களுக்குத் தோல் பரிசோதனை தப்பாகப் பாசிட்டிவ் காட்டலாம். முதலிலேயே ரத்தப் பரிசோதனையாகக் கேட்டுவிட்டால் எக்ஸ்ரே, ஃபாலோ-அப் என்று அலைச்சல் மிச்சம்.

எந்தக் காலேஜ் என்று பார்க்கும்போது மாநில போர்டு அங்கீகாரம் கட்டாயம். அதற்கு மேல் நாடு தழுவிய அமைப்புகளான ஏ.சி.ஈ.என். அல்லது சி.என்.ஈ.ஏ. அங்கீகாரம் இருக்கிறதா என்றும் பாருங்கள், அது இல்லாவிட்டால் பின்னால் பி.எஸ்.என். சேரும்போது சில பல்கலைக்கழகங்கள் ஏற்காது. போர்டின் இணையதளத்தில் ஒவ்வொரு காலேஜின் என்கிளெக்ஸ் தேர்ச்சி விகிதமும் இருக்கும். அதோடு, சேர்ந்தவர்களில் எத்தனை பேர் முடிக்கிறார்கள் என்றும் இன்ஃபர்மேஷன் செஷனில் கேளுங்கள். பாதிப் பேரை வழியிலேயே கழற்றிவிட்டு 95 சதவீதம் காட்டும் புரோகிராமும் உண்டு. வெயிட்லிஸ்ட் இல்லை, ப்ரீரெக்விசிட் இல்லை, வார இறுதியில் வந்தால் போதும் என்று யாராவது கூப்பிட்டால் ஓடிவிடுங்கள். 2023 ஜனவரியில் ஃப்ளோரிடாவில் 7,600-க்கும் மேற்பட்ட போலி நர்சிங் சான்றிதழ் விற்ற வழக்கு வெளிவந்தது. காசு கொடுத்து வாங்கிய பலர் லைசென்ஸையும் இழந்தார்கள்.

என்னைக் கேட்டால், ஈ.ஏ.டி. அல்லது கிரீன் கார்டு கையில் இருந்து, வீட்டில் இன்னொரு சம்பளம் ஓடிக்கொண்டிருந்து, சின்னப் பிள்ளைகளும் இருந்தால் ஏ.டி.என். போதும். பி.எஸ்.என்.-ஐ வேலை தருபவர் காசில் முடித்துக்கொள்ளலாம். பிள்ளைகள் இல்லாத, முப்பதுக்குக் கீழே இருக்கும், பெரிய போதனா ஆஸ்பத்திரியில் ஐ.சி.யூ. வேண்டும், பின்னால் அனஸ்தீசியா படிக்க வேண்டும் என்பவருக்கு ஆக்சிலரேட்டட் பி.எஸ்.என். சரி, அதிலும் அரசுப் பல்கலைக்கழகமாகப் பாருங்கள். அந்தப் படிப்பில் பகுதிநேர வேலைக்குக்கூட இடமிருக்காது. ஒரு பாடத்தில் தவறினால் மொத்தக் குழுவும் முன்னே போய்விடும், நீங்கள் அடுத்த குழுவுக்குக் காத்திருக்க வேண்டும். நியூயார்க்வாசிகளுக்குப் பத்து வருட அவகாசம் இருப்பதால் ஏ.டி.என். இன்னும் நல்ல தொடக்கம்தான். மன்ஹாட்டன் ஆஸ்பத்திரிதான் வேண்டும் என்று அடம்பிடிக்காமல் இருந்தால் சரி.

எந்த வழியானாலும் இந்த வாரமே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஊர்ச் சான்றிதழ்களை டபிள்யூ.ஈ.எஸ். மாதிரி ஒரு நிறுவனத்திடம் பாடவாரியாக மதிப்பீடு செய்ய வேண்டும். அதற்கு டிரான்ஸ்கிரிப்ட் நீங்கள் படித்த காலேஜில் இருந்து இல்லை, பல்கலைக்கழகத்தில் இருந்து வர வேண்டியிருக்கும். அங்கே ஆள் நேரில் போய் நிற்காவிட்டால் ஃபைல் நகராது. தம்பியோ மச்சானோ யாராவது சென்னையிலோ கோவையிலோ இருந்தால் இன்றைக்கே போன் போட்டு, மார்க் ஷீட் நகலையும் அனுமதிக் கடிதத்தையும் அனுப்பிவிடுங்கள். மாதக்கணக்கில் இழுக்கும்.